‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அட்டை தொங்கிய கதவை ஹோட்டல்காரர் திறக்கலாமா?

கேள்வி:

இரு வாரங்களுக்கு முன், விடுமுறைக்கு ரொறன்ரோவில் இருந்து அண்ணாவின் குடும்பம் வந்திருந்தது. வெள்ளவத்தையில் எங்களுக்கு வீடு இருந்தும், பிள்ளைகள் ஒன்றாக இருக்கட்டும் என்று, கொழும்பில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் மூன்று இரவுகளுக்கு இரண்டு அறைகள் எடுத்தோம். வந்த நாளிலிருந்தே கதவில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ அட்டையைத் தொங்கவிட்டிருந்தோம். மூன்றாம் நாள் முற்பகல் நாங்கள் எல்லோரும் நீச்சல் குளத்தடியில் இருக்க, 14 வயது மகள் மட்டும் அறைக்குப் போய்க் குளித்து, உடை மாற்றி, தலை துவட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். கதவில் ஒரு தட்டுக் கேட்டதாம். அவள் வாய் திறக்குமுன் இரண்டு ஆண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருவர் கையில் வோக்கிடோக்கி இருந்திருக்கிறது. ‘செக்கியூரிட்டி செக்’ என்று சொல்லி, அலுமாரியைத் திறந்து, குளியலறையை எட்டிப் பார்த்து, கட்டிலருகே கிடந்த மாமியின் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிள்ளை நடுங்கிப்போனாள். முறையிட்டபோது, ‘24 மணித்தியாலத்துக்கு மேல் அட்டை தொங்கினால் அறையைப் பார்ப்பது எங்கள் நடைமுறை, பதிவுப் படிவத்தில் கையெழுத்து வைத்திருக்கிறீர்களே’ என்றார் டியூட்டி மனேஜர். வெளிநாட்டில் இப்படிச் செய்ய முடியாது என்கிறார் அண்ணா. அடையாள அட்டையில் பெயரைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்கிறார் மாமி. இவர்களுக்கு அந்த உரிமை உண்டா? டிசம்பரில் நுவரெலியாவில் ஒரு பங்களா எடுப்பதாக இருந்தோம். மகள் வரவே மாட்டேன் என்கிறாள்.

— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள சகோதரி,

அட்டை தொங்கினாலும் அறையைப் பார்க்கும் அதிகாரம் ஹோட்டலுக்கு உண்டு. ஆனால் உங்கள் மகள் இருந்த அறைக்குள் அந்த இருவரும் வந்த விதத்துக்கும், வந்தபின் அங்கே நின்று செய்தவற்றுக்கும் அந்த அதிகாரம் இடங்கொடுக்காது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. கொழும்பு ஹோட்டல்களில் அறைகளைத் துப்புரவு செய்யும் ‘ரூம் போய்’ ஆகத் தொடங்கி, ஹவுஸ்கீப்பிங் சுப்பர்வைசராகி, இறுதியில் டியூட்டி மனேஜராக ஓய்வுபெற்றவன் நான். 27 ஆண்டுகள் அந்தக் கதவுகளின் வெளிப்பக்கத்தில் நின்றிருக்கிறேன். ஆகவே ஹோட்டல் பக்கம் சாய்ந்து எழுதுகிறேனோ என்று உங்களுக்குத் தோன்றும் இடங்கள் வரக்கூடும். பொறுமையோடு முழுவதையும் வாசித்துவிட்டுத் தீர்மானியுங்கள்.

முதலில் அந்த அட்டையைப் பார்ப்போம். விருந்தினர் அதை ‘யாரும் உள்ளே வரக்கூடாது’ என்று வாசிக்கிறார். ஹவுஸ்கீப்பிங்கில் நாங்கள் அதை ‘இப்போது துப்புரவு செய்ய வரவேண்டாம்’ என்றுதான் எப்போதும் வாசித்து வந்திருக்கிறோம். காலையில் தள்ளுவண்டியோடு புறப்படும் ரூம் போய், எந்தெந்த அறைகளில் அட்டை தொங்குகிறது என்பதைத் தன் கையிலுள்ள தாளில் குறித்துக்கொள்வான். பிற்பகல் இரண்டு மணியாகியும் அட்டை இறங்கவில்லை என்றால் கதவின் கீழால் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளிவிட்டுச் சுப்பர்வைசரிடம் சொல்வான். அவர் அறைக்குத் தொலைபேசி எடுப்பார். யாரும் எடுக்காமல் மறுநாளும் அதே நிலை நீடித்தால், டியூட்டி மனேஜர் இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போய்த் திறந்து பார்ப்பார். குண்டு வெடிக்கும் என்ற பயத்தில் ஏற்பட்ட வழக்கமல்ல இது. அறைக்குள் ஆள் நோயாகக் கிடக்கலாம், இறந்தும் கிடக்கலாம் என்பதனால் ஏற்பட்டது.

நான் சுப்பர்வைசராக இருந்த காலத்தில், தனியாகத் தங்கியிருந்த ஒரு முதியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, எழும்ப வழியில்லாமல் ஓர் இரவு முழுவதும் மறுநாள் நண்பகல் வரையும் அங்கேயே கிடந்தார். கதவில் அட்டை ஒழுங்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையைத் துடைத்துக்கொண்டிருந்த பையன் வந்து, ‘சேர், காலமை தொடக்கம் அங்கை தண்ணி ஓடுற சத்தம் நிக்கேல்லை’ என்று சொன்னதால்தான் திறந்தோம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் இவ்வளவு நேரம் வரவில்லை என்று கேட்டார். அட்டை தொங்கியதே என்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வழக்கம் பல பெரிய ஹோட்டல்களில் எழுதப்பட்ட விதியாக மாறியது 2017க்குப் பிறகுதான். அதில் உங்கள் அண்ணாவுக்கும் ஒரு பதில் இருக்கிறது. அந்த ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் மாண்டலே பே ஹோட்டலின் 32ஆம் மாடியில் தங்கியிருந்த ஒருவன், கீழே திறந்த வெளியில் நடந்த இசை விழாவின் மீது சன்னல் வழியாகச் சுட்டான். அன்று 58 பேர் உயிரிழந்தார்கள். பல நாட்களாகப் பெட்டி பெட்டியாகத் துப்பாக்கிகளை மேலே ஏற்றிய அவன், கதவில் அந்த அட்டையைத் தொங்கவிட்டிருந்தான். சில வாரங்களுக்குள், அட்டை தொடர்ந்து 24 மணித்தியாலத்துக்கு மேல் தொங்கினால் பாதுகாப்புப் பிரிவுக்கோ டியூட்டி மனேஜருக்கோ அறிவிக்க வேண்டும் என்று ஹில்டன் போன்ற நிறுவனங்கள் விதி செய்தன. அதே ஆண்டு டிசம்பரில் ஒர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்ட் தன் ஹோட்டல்கள் சிலவற்றில் அந்த அட்டையையே எடுத்துவிட்டு, ‘அறையில் ஆள் உண்டு’ என்ற பொருள்படும் வேறோர் அட்டையை வைத்தது. அது தொங்கினாலும் பணியாளர் தட்டி, தாம் யாரென்று சொல்லி, உள்ளே வரலாம் என்பது அதன் விதி. குழந்தைகளோடு குடும்பம் குடும்பமாகப் போகும் இடத்திலேயே நிலைமை இதுதான். வெளிநாட்டில் முடியாது என்று நம்மவர்கள் சொல்லும் பல விடயங்களைப் போலவே இதுவும் அங்கிருந்துதான் இங்கே வந்திருக்கிறது.

ஆனால் அங்கேயும் விதி வந்த வேகத்தில் பண்பு வரவில்லை. 2018 ஓகஸ்டில் லாஸ் வேகாஸில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாடு ஒன்றுக்கு வந்து தங்கியிருந்தவர்கள், தனியாக இருந்த பெண்கள் உட்பட, பாதுகாப்பு ஊழியர்கள் தம்மைச் சரியாக அடையாளப்படுத்தாமல் அறைக்குள் வந்தார்கள் என்று பகிரங்கமாக முறையிட்டார்கள். வாசலில் நிற்பவர் உண்மையாகவே ஹோட்டல் ஊழியர்தானா என்று ரிசப்ஷனை அழைத்துக் கேட்கும்வரை கதவைத் திறக்கத் தேவையில்லை என்பது அன்று பலருக்கும் உறைத்தது. உங்கள் மகளுக்குக் கேட்கக்கூட நேரம் கொடுக்கப்படவில்லை.

கொழும்பைப் பொறுத்தவரை 2019 ஏப்ரல் 21ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி ஆகிய மூன்று ஹோட்டல்களிலும் காலை உணவு நேரத்தில் குண்டுகள் வெடித்தன. குண்டுதாரிகளில் சிலர் முந்தைய நாளே சாதாரண விருந்தினராக அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள். நான் பணியாற்றிய இடம் தப்பியது. ஆனால் அன்று மாலையே எங்கள் எல்லா அறைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து பார்த்தோம். வாசலில் பைகளைச் சோதிக்கும் ஸ்கேனரும், வாகனத்தின் அடியைப் பார்க்கும் கண்ணாடியும், ஆள் நடந்து போகும் மெட்டல் டிடெக்டரும் எங்கள் இடத்தில் வழமையானது அதன் பின்னர்தான். இந்த நகரத்தில் ஒரு ஹோட்டல் தன் அறைகளைப் பார்க்காமல் இருந்தால்தான் நான் குறை சொல்வேன்.

இனி உங்கள் மாமியின் சந்தேகம். ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று அதைத் தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. கொழும்பில் விடுதிக் கதவு தட்டப்படுவது தமிழ்க் குடும்பங்களுக்கு வேறொரு நினைவையும் எழுப்பும். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை வந்தாலும் அந்த விடியற்காலைத் தட்டுதல் நினைவிலிருந்து போய்விடாது. உங்கள் மாமியின் வயதில் உள்ளவர்கள் பெயரைக் காட்டி அறை எடுத்த அனுபவமும் பெயரைக் காட்டியதால் அறை கிடைக்காமல் போன அனுபவமும் உடையவர்கள். அவர் சொன்னதை வீட்டில் யாரும் ‘சும்மா இருங்கோ மாமி’ என்று அடக்கியிருந்தால், அது நியாயமல்ல.

ஆயினும் இதை ஊகத்தில் விடத் தேவையில்லை. சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஹவுஸ்கீப்பிங் தயாரிக்கும் அறை அறிக்கையில் எந்த அறைகளில் அட்டை தொங்கியது, எத்தனை மணிக்குப் பார்க்கப்பட்டது, யார் பார்த்தார் என்பவை பதிவாகியிருக்கும். அன்று 24 மணித்தியாலம் கடந்த எல்லா அறைகளுக்கும் அவர்கள் போயிருந்தால் அது நடைமுறைதான். உங்களுடைய இரண்டு அறைகளுக்கும் மட்டும் போயிருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமையும் உண்டு. மற்ற விருந்தினரின் பெயர்களை அவர்கள் தரமாட்டார்கள், தரவும் கூடாது. ‘அன்று எத்தனை அறைகளில் அட்டை தொங்கியது, அவற்றில் எத்தனை திறக்கப்பட்டன’ என்ற இரண்டு எண்களைக் கேட்பதில் யாருடைய தனிமையும் கெடாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீங்கள் வந்த நாளிலிருந்தே அட்டை தொங்கியது என்றால், மூன்றாம் நாள் முற்பகல்வரை அவர்கள் பொறுத்தது ஏன்? 24 மணித்தியால விதி உண்மையிலேயே இருந்தால் இரண்டாம் நாளே யாராவது தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு டியூட்டி மனேஜரிடம் என்ன பதில் இருக்கிறது என்று அறிய எனக்கும் ஆவலாகத்தான் இருக்கிறது.

அவர்கள் பிழைத்த இடத்தை இப்போது சொல்கிறேன். கதவைத் தட்டுவது எங்கள் தொழிலில் முதல் நாள் கற்றுத்தரும் பாடம். கதவுக்கு நேரே, உள்ளிருப்பவர் துவாரத்தால் பார்த்தால் முகமும் சட்டையில் குத்திய பெயர்ப்பட்டியும் தெரியும்படி நிற்க வேண்டும். விரல் மொளியால் மூன்று முறை தட்டி, ‘ஹவுஸ்கீப்பிங்’ என்றோ ‘செக்கியூரிட்டி’ என்றோ தெளிவாகச் சொல்லி, மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். பதில் இல்லாவிட்டால் மீண்டும் தட்டி, மீண்டும் சொல்லி, மீண்டும் எண்ண வேண்டும். அதன்பின் திறக்கும் அட்டையைப் பூட்டில் வைத்து, கதவை ஒரு சாண் அளவுக்கு மட்டும் திறந்து, அந்த இடைவெளியால் மூன்றாம் முறையும் குரல் கொடுக்க வேண்டும். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்த வேண்டும். ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலைதான். நான் சேர்ந்த முதல் மாதத்தில், அவசரத்தில், தட்டிய கையோடு திறந்துவிட்டேன். உள்ளே ஒரு அம்மா சூட்கேஸின் மேல் சிறு முருகன் படத்தை வைத்துக் கண்மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முறையிடவில்லை, திரும்பிப் பார்த்த பார்வை போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து நான் பத்து எண்ணாமல் கதவு திறந்ததில்லை. உங்கள் மகளின் கதவில் ஒரே ஒரு தட்டுத்தான் விழுந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய பிழை அடுத்த நொடியில் நடந்தது. அறையில் பெரியவர் இல்லாமல் பிள்ளை தனியாக இருந்தால் ஊழியர் உள்ளே நிற்கக்கூடாது என்பது நல்ல ஹோட்டல்களில் விலக்கில்லாத விதி. துப்புரவுக்கும், திருத்த வேலைக்கும், பாதுகாப்புச் சோதனைக்கும் அது பொருந்தும். கதவைச் சாத்திவிட்டு நடைபாதையில் நின்று, ரிசப்ஷன் மூலம் பெற்றோரை அழைத்து, அவர்கள் வந்த பிறகே, முடிந்தால் பெண் ஊழியர் ஒருவரையும் வைத்துக்கொண்டு, அறையைப் பார்த்திருக்க வேண்டும். இது அந்தப் பிள்ளைக்கு மட்டுமன்றி அந்த இரு ஊழியர்களுக்கும் பாதுகாப்பு; பிறகு யாராவது ஏதாவது குற்றஞ்சாட்டினால் அவர்கள் பக்கம் பேச அங்கே வேறு யாரும் இருக்கவில்லை அல்லவா? இதை ஒரு முகாமையாளர் நடைமுறை என்று சொல்லி நியாயப்படுத்தியிருந்தால், அவர் தன் நடைமுறையை வாசிக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

மூன்றாவது அந்தப் பை. சோதனை என்பது அறைக்குரியது. புகையுணர்கருவியை யாராவது பிளாஸ்டிக்கால் மூடியிருக்கிறார்களா, பல்கனித் தடுப்பு உறுதியாக இருக்கிறதா, தண்ணீர் கசிகிறதா, கண்ணுக்குத் தெரியும்படி ஆயுதமோ எரிவாயுவோ இருக்கிறதா, ஆள் நலமாக இருக்கிறாரா என்பவைதான் அதில் பார்க்க வேண்டியவை. அலுமாரிக் கதவைத் திறப்பதைக்கூட ஒருவாறு ஏற்கலாம், ஏனெனில் அலுமாரி ஹோட்டலுடையது. பையும் பெட்டியும் உங்களுடையவை; உங்கள் முன்னிலையில், உங்கள் சம்மதத்தோடு அல்லாமல் அவற்றைத் தொட ஹோட்டலுக்கு வேலையில்லை. சந்தேகம் உண்மையாகவே இருந்தால் அவர்கள் பொலிஸாரை அழைக்கலாம். பொலிஸார் வந்தால் நிலைமை வேறு. பொதுவாகத் தேடுதலுக்கு நீதிமன்ற ஆணை வேண்டும், சட்டம் விலக்களித்த சந்தர்ப்பங்களில் அது இல்லாமலும் தேடலாம், ஆனால் எந்தச் சந்தர்ப்பத்திலும் ஒரு பெண்ணின் உடலைச் சோதிப்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் சொல்கிறது.

நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதன் பின்பக்கத்துச் சிறிய எழுத்தில், பாதுகாப்புக்காகவும் பராமரிப்புக்காகவும் நிர்வாகம் அறைக்குள் வரலாம் என்று பெரும்பாலும் இருக்கும். நீங்கள் ஒப்புக்கொண்டது அதைத்தான். அறைக்குள் வரச் சம்மதித்தவர் பையைத் தொடவும் சம்மதித்தார் என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. நமது 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியுரிமைக்கென்று தனி உறுப்புரை இல்லை. ஆனால் இந்த நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தில், ஒருவருடைய தனிமைக்குள் வேண்டுமென்று அத்துமீறுவது நட்டஈடு கோரக்கூடிய தீங்காகும். இந்தச் சம்பவத்துக்கு வழக்கு வரை போகும்படி நான் ஆலோசனை சொல்லமாட்டேன். செலவும் காலமும் பிள்ளையை மறுபடி மறுபடி கதை சொல்ல வைப்பதும் அதில் உண்டு. எழுத்தில் ஒரு முறைப்பாடு போதும், ஆனால் அது சரியான முறைப்பாடாக இருக்க வேண்டும்.

பொது முகாமையாளருக்கு எழுதுங்கள். டியூட்டி மனேஜருக்கு அல்ல. நீங்கள் எவ்வளவு மனம் நொந்தீர்கள் என்பதை ஒரு பந்தியோடு நிறுத்திவிட்டு, உங்கள் அறைப் பூட்டின் திறப்புப் பதிவைக் கேளுங்கள். அட்டையால் திறக்கும் பூட்டுக்குள் ஒரு சிறிய நினைவகம் இருக்கிறது. எந்த அட்டை எந்தத் திகதியில் எந்த நிமிடத்தில் அதைத் திறந்தது என்பது அதில் பதியும். விருந்தினரின் அட்டை, மாடி ஊழியரின் அட்டை, மாஸ்டர் அட்டை, அவசர அட்டை என்று ஒவ்வொன்றும் வேறுவேறாகத் தெரியும். ஒரு கையடக்கக் கருவியைப் பூட்டில் பொருத்திச் சில நிமிடங்களில் வாசித்துவிடலாம், அதனால் ‘எடுக்க முடியாது’ என்று சொன்னால் நம்ப வேண்டாம். அந்த நினைவகம் சில நூறு திறப்புகளைத்தான் வைத்திருக்கும். புதியவை வரப் பழையவை அழியும். நடைபாதைக் கமராப் பதிவும் பல இடங்களில் ஒரு மாதத்துக்குள் மேலெழுதப்பட்டுவிடும். ஆகவே பதிவுகளைப் பத்திரப்படுத்தி வைக்கும்படி முதலில் ஒரு மின்னஞ்சலையாவது இன்றே அனுப்பிவிட்டு, விரிவான கடிதத்தை ஆறுதலாக எழுதுங்கள். அவர்களுடைய எழுத்துமூல நடைமுறையின் பிரதியையும், பிள்ளை தனியாக இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்பதையும் அதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் 1912 இலக்கத்துக்கும், சேவை பற்றிய முறைப்பாடாக நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கும் கொண்டுபோகலாம்.

அடுத்த பயணத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அறை எடுக்கும்போதே, ‘துப்புரவு வேண்டாம், ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு நாங்கள் அறையில் இருப்போம், பார்ப்பதானால் அப்போது பாருங்கள்’ என்று ரிசப்ஷனில் சொல்லி, அதைக் கணினியில் பதியச் சொல்லுங்கள். நான் கண்ட அளவில் இந்த ஒரு வசனம் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். எங்களுக்கும் அட்டைக்கு முன் நின்று யோசிக்கும் வேலை இல்லை. அறைக்குள் போனவுடன் உள்தாழ்ப்பாளைத் திருகிப் போடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: அது போட்டிருக்கும்போது ரூம் போயின் அட்டை வேலை செய்யாது, அவசர அட்டைக்கு மட்டுமே திறக்கும். தீ பிடித்தால் பிள்ளை உள்ளே அகப்பட்டுவிடுமே என்று பயந்து தாழ்ப்பாள் போடவிடாத தாய்மாரைக் கண்டிருக்கிறேன்; உள்ளிருந்து கைபிடியை அழுத்தினால் பெரும்பாலான பூட்டுகளில் தாழ்ப்பாளும் சேர்ந்தே விடுபடும், வந்த அன்றே ஒருமுறை செய்து பாருங்கள். யாராவது தட்டினால் திறக்காமல் அறைத் தொலைபேசியில் ரிசப்ஷனை அழைத்து, ‘எங்கள் அறைக்கு யாரையாவது அனுப்பினீர்களா’ என்று கேட்கப் பழக்குங்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்கக்கூடாது. அட்டை தொங்கும் அறைகளைத் திறந்தபோது நான் ஆயுதம் எதையும் கண்டதில்லை. ரைஸ் குக்கர் நிறையக் கண்டிருக்கிறேன். மேசை விரிப்பின் மேல் சோறு வெந்துகொண்டிருக்கும், பக்கத்தில் சாம்பிராணி புகையும், புகையுணர்கருவிக்கு ஷவர் தொப்பி போட்டிருக்கும். அந்தத் தொப்பிதான் எங்களை உண்மையில் பயமுறுத்தும். வெள்ளிக்கிழமை கற்பூரம் கொளுத்த வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கோயிலுக்குப் போக வாகனம்கூட ஒழுங்கு செய்து தருவார்கள்.

நுவரெலியா பங்களா வேறு விதமானது. அங்கே நடைபாதையும் இல்லை, திறப்புப் பதிவும் இல்லை. காவலாளியிடமும் சமையல்காரரிடமும் திறப்பு இருக்கும். யாரிடமெல்லாம் திறப்பு இருக்கிறது, நீங்கள் இருக்கும்போது அவர்கள் எப்போது உள்ளே வருவார்கள் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். வீட்டுக்குள் கமரா இருக்கிறதா என்பதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் இறுதி முதல் வீட்டுக்குள் எந்தக் கமராவையும் தடை செய்திருக்கிறது, நேரடியாக எடுக்கும் பங்களாவுக்கும் நீங்கள் அதே நிபந்தனையைப் போடலாம். போய்ச் சேர்ந்ததும் கட்டிலையும் குளியலறையையும் நேரே நோக்கும் மணிக்கூடு, சார்ஜர், புகையுணர்கருவி ஆகியவற்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் போதும். அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். பிரதியின் குறுக்கே, இன்ன பங்களாவில் இன்ன திகதிகளில் தங்குவதற்கு மட்டும் என்று எழுதி அனுப்புங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, எந்த நோக்கத்துக்குப் பெற்றார்களோ அதற்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான்.

மகளைப் பற்றி. உறவினர் யாராவது ‘தாழ்ப்பாள் போட்டிருக்கலாமே’ என்று அவளிடம் சொல்லியிருந்தால், இனி அப்படிச் சொல்ல விடாதீர்கள். தாழ்ப்பாள் போடுவது நல்ல பழக்கம். போடாதது அவளுடைய குற்றமல்ல, அட்டை தொங்கிய கதவுக்குள் இருந்தவள் அவள். நுவரெலியாவுக்கு வரும்படி இப்போதைக்கு வற்புறுத்தவும் வேண்டாம். முறைப்பாட்டுக் கடிதத்தை எழுதும்போது அவள் விரும்பினால் பக்கத்தில் இருத்தி, நடந்த வரிசையை அவள் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். எத்தனை தட்டு, என்ன சொன்னார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

திறப்புப் பதிவு கைக்கு வந்தால் அதிலுள்ள நேரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பூட்டின் கடிகாரம் பற்றரியில் ஓடுவது, சில நிமிடங்கள் முன்னோ பின்னோ காட்டும். உங்கள் மகள் தன் அட்டையால் அறையைத் திறந்த நேரத்தையும் அதே தாளில் பாருங்கள், அவள் குளத்தடியிலிருந்து எழும்பிப் போன நேரத்தோடு ஒப்பிட்டால் எத்தனை நிமிட வித்தியாசம் என்று பிடிபடும். அதன் பிறகு மாஸ்டர் அட்டை விழுந்த வரியைத் தேடுங்கள்.